ஒரு வரி மேலே ஏறிய வரி

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன், கூட்டம் சேர்த்துவிடுவேன். அந்த வியாதிக்கு மருந்து கிடைத்த நாளைச் சொல்கிறேன்.

மும்பை செம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். (பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான் சம்பளம், எங்களுக்கு வெறும் ‘பில்’.) அதில் முதலிலேயே டி.டி.எஸ். என்று வருமான வரி பிடித்துவிடுவார்கள். அது நம் பான் நம்பரில் ஏறியிருந்தால், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

ரிட்டர்ன் போட நாலே நாள் இருக்கும்போது, எலக்ட்ரீஷியன் ஜெபராஜ் அண்ணன் போனை நீட்டினார்.

“ஏ பிள்ள மேரி, வருசம் பூரா புடிச்சிருக்கானுவ, எம்பேர்ல ஒரு பைசா ஏறலயே! இத நம்பித்தான மவளுக்கு காலேஜ் ஃபீஸ் சொல்லி வச்சிருக்கேன்?”

கூட வேலை பார்த்த சலீம் பாயும் தன் போனில் பார்த்தார். அவர் கணக்கில் யாருடைய தொகையோ இருந்தது. எனக்கு மட்டும் பைசா பிசகாமல் சரியாக இருந்தது. (அப்போதாவது யோசித்திருக்கலாம்.) எனக்கு ரத்தம் கொதித்தது.

“வாங்கண்ணே, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்!”

பன்னிரண்டு பேரும் அக்கவுண்ட்ஸ் அறைக்குள் புகுந்தோம். நான் மேசையைத் தட்டினேன். டம்ளரில் இருந்த தண்ணீர் குதித்தது. ஊழல், ஏழைகளின் வயிறு, நீதிமன்றம் என்று எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். பின்னால் கைதட்டல் வேறு!

கணக்கர் சாவந்த் சார் சாவகாசமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கள் பெயரும் பான் நம்பரும் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

“மேடம், யே லிஸ்ட் கிஸ்னே பேஜா?”

அனுப்பியது நான்தான்.

குமார் என்பவர் வேலையை விட்டு வாஷிக்குப் போனபோது, ஷீட்டில் அவர் பெயரை மட்டும் அழித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பான் நம்பரை விட்டுவிட்டேன். கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிட்டன. சலீம் பாயின் வரி குமாருக்கு, அடுத்தவர் வரி சலீம் பாய்க்கு. கடைசிப் பெயரான ஜெபராஜ் அண்ணனின் நம்பருக்கு ஒன்றுமே இல்லை. முதல் பெயர் என்னுடையது.

கைதட்டல் நின்றுபோனது.

“பிள்ள,” என்றார் ஜெபராஜ் அண்ணன் மெதுவாக, “மேசைய இன்னொரு தட்டு தட்டேன்.”

சாவந்த் சார் அன்றே திருத்தம் அனுப்பினார். பணம் வர மூன்று மாதம் ஆனது. அதுவரை அந்தக் காலேஜ் ஃபீஸுக்காக என் வளையல் அடகுக் கடையில் கிடந்தது.

தாராவியில் எங்கள் வீட்டில் இன்றும் நான் டீ கொண்டுபோய் வைத்தால், என் வீட்டுக்காரர் உடனே தொட மாட்டார்.

“இது எனக்குள்ளதா, மேல்வீட்டுக்காரனுக்குள்ளதா? நல்லா பாத்துச் சொல்லு பிள்ள.”