தலைவர் கட்டிய சத்தம் புகாச் சுவர்

மனித குலம் இதுவரை கட்டிய சுவர்களில் பேர் சொல்லத்தக்கவை மூன்று. முதலாவது சீனாவில் இருக்கிறது. இரண்டாவதை ஜெர்மன்காரரே இடித்துவிட்டார்கள். மூன்றாவது, புலம்பெயர்ந்த நம்மவர் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில், ‘உலகத் தலைவர்’ இராஜரட்ணம் அவர்களின் வீட்டு நிலவறையான பேஸ்மென்றில் நிற்கிறது.

உலகத் தலைவர் என்பதில் ஐயம் வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனிலும் பாரிசிலும் கிளைகள் உண்டு. மொத்தம் முப்பத்தொரு பேர். பேஸ்மென்றின் ஒரு பாதி அவருடைய ‘தலைமையகம்’: ஒரு சோபா, ஒரு கணினி. மறுபாதியில் மனைவி சந்திரவதனா கலியாணச் சட்டைகள் தைத்தார். வீடு ஓடியது அந்தப் பாதியால்தான். சங்க அறிக்கைகளில் இதெல்லாம் வருவதில்லை.

சென்ற இணையவழிக் கூட்டத்தில், தலைமையுரையின் நடுவே பாரிஸ் கிளைச் செயலாளர் குறுக்கிட்டார்.

“அண்ணை, உங்கை என்ன மிளகாய்த்தூள் மில்லோ ஓடுது? ஒண்டும் விளங்கேல்லை.”

முப்பது பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் தலைவர் தெரிவு. பதவி போனால் கலியாண வீடுகளில் முன்வரிசையில் யார் இருத்துவார்கள்? பேஸ்மென்றின் நடுவே சத்தம் புகாச் சுவர் எழுப்புவதென இராஜரட்ணம் தீர்மானம் நிறைவேற்றினார்.

சுவர் வேலைக்காரர் மரியோ வந்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, சுவர் தெரியும். இரட்டைச் சட்டம், நடுவே சத்தம் உறிஞ்சும் பஞ்சு, இருபுறமும் இரட்டை ட்ரைவோல் பலகை என்றார். இராஜரட்ணம் ஒரேயொரு ‘திருத்தப் பிரேரணை’ கொண்டுவந்தார். தையல் மெசின் சத்தம் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஆனால் இங்கிருந்து தேத்தண்ணி கேட்டால் அங்கே கேட்கவேண்டும்.

அப்படிச் சுவர் உலகத்திலேயே இல்லை என்று மரியோ கையை விரித்தார்.

“பிறகென்ன மண்ணாங்கட்டிக்கு இதை முன்னேறின நாடு எண்டு சொல்லுறாங்கள்!” என்று இராஜரட்ணம் தமிழில் வருந்தினார். கடைசியில் ஓர் அழைப்பு மணி பொருத்துவதென இணக்கம் காணப்பட்டது.

இந்த உயர்மட்டப் பேச்சுவார்த்தையின்போது சந்திரவதனா வந்து ஏதோ சொன்னார். இராஜரட்ணம் பஞ்சின் தடிப்பை அமத்திப் பார்த்தபடி, “ஓம், ஓம், செய்யும்” என்றார். மரியோ மட்டும் அளவுநாடாவை மடக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தெரிவு நாளும் வந்தது. கட்டிமுடிந்த சுவருக்கு இராஜரட்ணம் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். புகை மணி அலறி ஓய்ந்ததும் கூட்டம் தொடங்கியது. அப்பப்பா, என்ன அமைதி! ‘பெண்களின் குரலுக்குச் செவிசாய்ப்போம்’ என்று நாற்பது நிமிடம் முழங்கினார். ஏகமனதாகத் தெரிவானார்.

வெற்றித் தேத்தண்ணிக்கு மணியை அழுத்தினார். பத்துத் தரம் அழுத்தினார். பிறகு எழுந்துபோய் அங்காலைப் பாதியின் கதவைத் திறந்தால், அறை காலி. மெசின் இல்லை, மேசை இல்லை, தொங்கிய சட்டைகளும் இல்லை. போனை எடுத்தார்.

“இஞ்சாரும், எங்கை நிக்கிறீர்?”

“அஜின்கோர்ட்டில, என்ரை கடையில. நேற்றே எல்லாம் ஏத்திக்கொண்டு வந்திட்டன்.”

“எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“சொன்னனான். நான் கடைக்கு மாறப்போறன், சுவர் வேண்டாம் எண்டு. நீங்கள்தான் ஓம் எண்டனீங்கள். தமிழே தெரியாத மரியோவுக்கு என்ரை முகத்தைப் பாத்து விளங்கி, தன்ரை வான் வண்டியில மெசினை ஏத்தித் தந்தவர். உங்களுக்கேனப்பா சுவர்? அது இல்லாமலே முப்பது வருசமா என்ரை சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லைத்தானே.”