உங்கள் தங்கை நன்றாகத் தூங்குகிறாள்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒருவர்தான் நலம், அது நான் இல்லை.

உங்கள் தங்கையின் படபடப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பாள், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்குவாள், மகள் போனை எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். போன மாதம் தூக்கமும் போய்விட, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினார். படபடப்புக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று என்று வாங்கிவந்தோம். "இனிமே இந்த வீட்டுக் கவலையெல்லாம் என்னோடது, நீ மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படு" என்று நானும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறாள், மச்சான். அதுதான் பிரச்சினையே. கதவை அவள் பார்த்துக்கொள்வாள் என்றுதானே இத்தனை வருடம் நான் குறட்டை விட்டேன், இப்போது யார் பார்ப்பது, நான்தான் எழுந்து இழுத்துப் பார்க்கிறேன், இழுத்த இழுப்பில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. மகள் போனை எடுக்கவில்லை என்று அவள் ஆபீசுக்கே அடித்தேன், மீட்டிங்கிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள், "என்னப்பா, அம்மா மாதிரியே பேசறீங்க" என்கிறாள். உங்கள் தங்கையோ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருப்பா" என்கிறாள். மருந்துதான் அதிகமாகிவிட்டதோ என்று பயந்து, வாசல் கதவைப் பற்றி மட்டுமாவது அவள் கவலைப்படுகிற அளவுக்குக் குறைக்க முடியுமா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாத்திரை யாருக்கு சார், உங்களுக்கா?" என்றார்.

நீங்கள் மூத்தவர், சொன்னால் கேட்பாள். ஒரு நடை வந்து, கொஞ்சமாவது கவலைப்படச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் சீரும் சிறப்புமாக இருக்கட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணில் பொட்டுத் தூக்கமில்லாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை உங்கள் தங்கை முழுக்கப் படித்துவிட்டாள். இரண்டு அட்டையிலும் ஒரு மாத்திரைகூட இன்னும் பிரிக்கவில்லையாம். வீட்டுப் பொறுப்பில் பாதியை யாராவது வாங்கிக்கொள்கிறார்களா என்று முதலில் பாருங்கள், அப்படியும் தூக்கம் வராவிட்டால் ஆரம்பிக்கலாம் என்றாராம் டாக்டரம்மா. "நீங்கதான் முழுசாவே வாங்கிக்கிட்டீங்களே" என்கிறாள். அப்படியென்றால் அந்த மாத்திரையை எனக்காவது கொடேன் என்றேன். "அடுத்தவங்க மருந்தைத் தொடக்கூடாது. நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன், இந்தத் தடவை நான் வெளியே உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.