‘சரி’ பொத்தானும் என் தொப்பியும்

அன்றைக்கு பாகூர் சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெங்களூரிலிருந்து வந்த மேடம், என் அக்கா லட்சுமி, அவளுடைய சுயஉதவிக் குழுப் பெண்கள் ஒன்பது பேர், குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி ராமலிங்கம், அவர் மகள் சுமதி, அப்புறம் நான். ராமலிங்கமும் சுமதியும் வருவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பட்டியலில் நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்காகச் சுமதியைப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. அக்கா அவர்களுக்குக் கொடுத்திருந்த என் போட்டோவில் தலை கொள்ளாத முடி. அது பழைய போட்டோ. அதற்குப் பிறகு போட்டோ அப்படியே இருந்தது, முடி மட்டும் போய்விட்டது. நானும் ஒரு தொப்பிக்குள் குடிபுகுந்துவிட்டேன். குளிக்கும்போதுதான் கழற்றுவேன். (அப்போதும் கதவு சரியாகத் தாழ் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பேன்.)

கூட்டம் எதற்கென்றால், இன்டர்நெட்டில் நம்மைப் பற்றிய விஷயங்களை யார் எடுக்கலாம், எடுக்கும் முன் நம்மிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக இனிமேல் விதிமுறை எழுதப் போகிறார்களாம். எழுதுகிறவர்கள் எல்லாரும் பெரிய படிப்புக்காரர்கள். அதனால் சாதாரண ஜனங்களிடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று மேடத்தை அனுப்பியிருந்தார்கள். எட்டாவதோடு நின்று மதகடிப்பட்டில் பஞ்சர் ஒட்டும் என்னைவிடச் சாதாரணமான ஜனம் கிடைக்காது என்று அக்கா என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“வெப்சைட்டைத் திறந்தா, சம்மதமான்னு கேட்டு ஒரு பெட்டி வருமே, அப்ப என்ன பண்ணுவீங்க?” என்றார் மேடம்.

“சரின்னு அழுத்திடுவோம்” என்றார்கள் குழுப் பெண்கள் ஒரே குரலில்.

“படிச்சுப் பாக்காமலேயா?”

“மதிச்சுக் கேக்குறாங்கோ. வேணாம்னா இன்னா நெனைப்பாங்கோ?” என்றாள் அக்கா.

மேடம் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “உங்க போனை இந்தச் சுவர்த் திரையில போட்டுக் காட்டலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும். வேணாம்னு தாராளமா சொல்லலாம்.”

தாராளமாகவா? பெங்களூரிலிருந்து வந்தவர், எனக்கு டீயும் சமோசாவும் கொடுத்தவர். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அதோடு, மறுத்தால் ‘போன்ல ஏதோ தப்புத்தண்டா வச்சிருக்கான்’ என்று ராமலிங்கம் நினைப்பாரே. மனசு வேணாம் என்றது, வாய் மட்டும் “சரிங்க மேடம்” என்றது.

மேடம் ஏதோ ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தார். செய்தி வருவதற்கு முன்னால் சுவரளவுக்கு விளம்பரம் வந்தது: ‘வழுக்கையா? ஒரே நாளில் ஒட்டு முடி!’ மேடம் கீழே தள்ளினார். ‘பெண்களிடம் பேசினால் கை நடுங்குகிறதா?’ இன்னும் தள்ளினார். ‘மாமனார் மனதில் இடம்பிடிக்க எளிய வழிகள்.’

“பாத்தீங்களா?” மேடத்துக்கு ஒரே உற்சாகம். “இவர் தனியா உக்காந்து எதையெல்லாம் தேடினாரோ, அதையே வச்சு விளம்பரம் போடுறாங்க!”

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் தொப்பிக்கு வந்தன.

“தம்பி,” ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். “உள்ளதான் வெயில் இல்லியே. தொப்பி எதுக்கு?”

“ஜலதோஷம் மாமா.”

“தலையிலயா?”

“டேய், எடுத்துத் தொலைடா,” என்றாள் அக்கா. “அதான் கொட்டகை கட்டிப் படம் காட்டியாச்சே.”

எடுத்தேன். குழுப் பெண்கள் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்கள்.

ராமலிங்கம் எழுந்துவிட்டார். “போட்டோ ஒண்ணு, ஆளு ஒண்ணா இருக்கு. வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம்பா.”

வழுக்கையைவிட அந்த ‘வேணாம்’தான் என்னைச் சுட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் மனுஷன்! எனக்கு அது பிறந்ததிலிருந்தே வரவில்லை.

அப்போதுதான் சுமதி வாயைத் திறந்தாள், அதுவும் மேடத்திடம். “மேடம், அந்த விளம்பரக்காரன் இவரைக் கேட்டுட்டுத்தானே எடுத்தான்?”

“ஆமாம்மா. சரின்னு அழுத்தியிருக்கார்.”

“நீங்களும் கேட்டுட்டுத்தான் காட்டுனீங்கோ. இவரு யாரு கேட்டாலும் சரின்னுடுவாரு போலருக்கு. இந்த மாதிரி ஆளுக்கும் சேத்து எழுதுங்கோ மேடம். வேணாம்னு சொல்லக் கூச்சப்படாத மாதிரி.”

மேடம் அவசரமாகக் குறித்துக்கொண்டார். குழுப் பெண்கள் சிரிப்பை அடக்குவதை விட்டுவிட்டார்கள்.

சுமதி அப்பா பக்கம் திரும்பினாள். “இன்னாத்துக்குப்பா வெள்ளிக்கிழமை? அதான் இன்னிக்கே பாத்தாச்சே. தலையும் பாத்தாச்சு, மனசுல இருக்கிறதையும் சொவுரு அளவுக்குப் பாத்தாச்சு. வேற எந்த மாப்ளையை இப்படிப் பாக்க முடியும்? ஒனக்குப் புடிக்கணும்னுகூட வழி தேடியிருக்காருப்பா.”

ராமலிங்கம் திரையை ஒரு தடவை பார்த்தார், என் தலையை ஒரு தடவை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. மேடத்தின் விதிமுறை எந்த அளவில் இருக்கிறதோ தெரியாது, எங்கள் வீட்டில் அது அமலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது கரண்டி சாம்பாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சம்மதமா? வேணாம்னா தாராளமா சொல்லலாம்” என்பாள் சுமதி. மாமனார் வந்தால், “மாப்ள, இப்ப இன்னா தேடிக்கினு இருக்கீங்கோ?” என்று கேட்காமல் காபியைத் தொட மாட்டார்.

பெண் பார்க்கும் நாளுக்காக ஒட்டு முடிக் கடைக்கு நான் முன்பணம் கட்டியிருந்ததை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. அவர்கள் அனுப்பிய பக்கத்தில் ‘சரி’ அழுத்தினால்தான் பணம் வருமாம். சுமதியை உட்காரவைத்து முழுதாகப் படிக்கச் சொன்னேன். ஆயுசு பூரா எனக்கு விளம்பரம் அனுப்ப அதில் சம்மதம் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘வேண்டாம்’ அழுத்தினேன்.

இன்றுவரை அவர்கள் எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரம் ரூபாய்.