டிவிக்குள் அடங்காத மாமா

பெண் பார்க்கும் நாளில் பெண் என்னென்ன செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. வாசலில் நிற்கக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது, போனை நோண்டக்கூடாது. பட்டுப் புடவையோடு டிவிக்குப் பின்னால் தலையை நுழைக்கக்கூடாது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதனால் நான் அதைச் செய்தேன். (வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். மின்விசிறி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.)

மாப்பிள்ளை செந்திலுக்குப் பூர்வீகம் வாசுதேவநல்லூர். குடும்பம் இருந்தது புனேயில். அப்பா இல்லாத பையனை அங்கே கூட்டிப்போய் வளர்த்து ஆளாக்கியவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தாய்மாமா. முதலில் வீடியோ காலில் பார்த்துக்கொள்வோம், பிடித்தால் நேரில் வருகிறோம் என்றார்கள். நானும் செந்திலும் அதற்கு முன்பே போனில் பேசியிருந்தோம். எனக்குப் பிடித்துப் போயிருந்தது. வீட்டில் வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்தது.

அப்போது குற்றாலத்தில் சீசன். பக்கத்திலேயே மேலகரத்தில் எங்களைப் போல வீடு வைத்திருப்பவர்களுக்குச் சீசன் என்றால் சொந்தக்காரர்கள் என்று அர்த்தம். அருவியில் குளித்துவிட்டு வந்த சித்தி குடும்பம் ஈரத் தலையோடு ஹாலை அடைத்து உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் ஒரு லேப்டாப்பை எட்டிப் பார்க்க முடியாது, டிவியோடு இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவதியும் நான்தான்.

கேபிளைச் செருகினேன். டிவி 'சிக்னல் இல்லை' என்றது. ரிமோட்டில் சோர்ஸை மாற்றியதும் படம் வந்துவிட்டது. அப்பா டிவியை விட்டுவிட்டு லேப்டாப்பையே குனிந்து பார்த்தார். அப்படிப் பார்த்தால் புனேக்காரர்களுக்கு அவருடைய வழுக்கை மட்டும்தான் தெரியும். எனவே படம் டிவியில் மட்டும் வரும்படி மாற்றி, லேப்டாப் திரையை இருட்டாக்கிவிட்டேன். கேமரா மட்டும் எங்களைப் பார்த்தபடி இருக்கும். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

சரிபார்ப்பதற்காகச் செந்திலின் போட்டோவைத் திறந்தேன். படம் டிவியை நிறைக்கவில்லை. நாலு பக்கமும் கறுப்பாக ஒரு கரை. சித்தி அலறிவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி இது! மாப்பிள்ளைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்ட மாதிரில்லா இருக்கு!"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்ல காரியம் பேசுத நேரத்துல என்ன இழவு கறுப்பு? மொதல்ல அத எடு."

லேப்டாப்பின் டிஸ்பிளே செட்டிங்கில் போய் ஒரு அளவை மாற்றினால் கரை போய்விடும். அது எனக்குத் தெரியும். ஆனால் கால் வரும் நேரமாகிவிட்டது, புடவை மடிப்பு வேறு அவிழ்ந்துகொண்டிருந்தது. ரிமோட்டில் ஜூமை அமுக்கினேன். கரை மெலிந்தது. இன்னொரு முறை அமுக்கினேன். கரை ஒழிந்து, படம் டிவியின் விளிம்பையும் தாண்டிப் பெருத்தது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், படட்டுமே என்று விட்டுவிட்டேன். ஓரத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?

கால் வந்தது. சோபாவில் செந்திலின் அம்மா, செந்தில், அவன் தங்கை. அப்பா எழுந்து கைகூப்பி, "வாங்க, வாங்க" என்றார். (புனேயில் தங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான்.) ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்டார். கேட்காமல் விட்டால் எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"பொண்ணு வேலைக்கெல்லாம் போகுதாம்மா?" என்று கனமான குரல் ஒன்று கேட்டது.

அம்மா என் காதில், "மாப்பிள்ளைக்குக் குரல் கட்டையா இருக்கே. வாயும் அசையலயே" என்றாள்.

"நெட் ஸ்லோம்மா. குரல் மொதல்ல வரும், வாய் அப்புறம் அசையும்" என்று விளக்கினேன். போனில் கேட்டதைவிடக் குரல் கனமாக இருந்ததை டிவி ஸ்பீக்கரின் தலையில் கட்டிவிட்டு, அந்த விளக்கத்தை நானே நம்பினேன். செந்திலைப் பார்த்து வெட்கத்தோடு பதிலும் சொன்னேன். டிவியின் இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு முழங்கை தெரிந்தது. சோபாவுக்கு வெள்ளை உறை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த உறை அவ்வப்போது மிக்சர் தட்டை நோக்கி நீண்டது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அப்பாவுக்குத் தாய்மாமா ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி வரலையோ?" என்று கேட்டார். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கடப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களைத் தேற்றுவதற்காகத் தாராளமாக ஒரு வார்த்தை சேர்த்தார். "சரி, வராட்டா என்ன? முக்கியமானவங்க எல்லாரும்தான் இருக்கியள்லா!"

முழங்கை மறைந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செந்திலின் அம்மா முகம் வெளுத்து, "நாங்க அப்புறம் பேசுதோம்" என்றார். கால் முடிந்துவிட்டது.

டிவியில் என் லேப்டாப்பின் முகப்பு வந்து நின்றது. இடது பக்கம் வரிசையாக இருக்க வேண்டிய ஐகான்களைக் காணோம். கீழே இருக்க வேண்டிய பட்டையையும் காணோம். நான் ஜூமைக் குறைத்தேன். எல்லாம் ஓரத்திலிருந்து திரும்பி வந்தன. நான் உறை என்று நினைத்தது ஒரு தாய்மாமாவை.

செந்திலுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பினான். மாமா நம்பவில்லை. "குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், டிவியில தெரியலன்னு கத விடுதாவளா?" என்று கேட்டாராம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றும் சொன்னாராம். அன்றைக்கு அழுதேன். அப்பா எவ்வளவோ தடவை மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டார், மாமா போனையே எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வாசலில் வந்து நின்றார். புனேயிலிருந்து ரயிலேறி, தனியாக, அதே வெள்ளைச் சட்டையில். அப்பா வாசலுக்கே ஓடிப்போய் ஊருக்கே கேட்கும்படி "வாங்க அண்ணாச்சி" என்றார். மாமா காப்பியைத் தொடவில்லை. "அந்த டிவியப் போடு" என்றார்.

கேபிளைச் செருகினேன். புனேக்குக் கால் போட்டேன். மாமா, அன்றைக்குத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தன் தங்கையை, அதாவது செந்திலின் அம்மாவை, உட்காரச் சொன்னார். முழுதாகத் தெரிந்தார். நான் ஜூமை அமுக்கினேன். வளையல் போட்ட ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

"ஏ தங்கச்சி, அங்கனதான் இருக்கியா?"

"இங்கனதாண்ணே இருக்கேன். எழுந்திரிக்கவே இல்லையே!"

மாமா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அவரே அமுக்கினார். தங்கை வந்தார். மறுபடி அமுக்கினார், மறைந்தார். இப்படிப் பல தடவை அனுப்பி வரவழைத்த பிறகு, "எதுக்கு இந்தச் சனியன அமுக்குன?" என்று என்னைக் கேட்டார். கறுப்புக் கரை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்களுக்கு அபசகுனம் ஆயிரக் கூடாதுன்னா?"

"ஆமா."

ரிமோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "காப்பி ஆறிட்டு. வேற கொண்டு வரச் சொல்லு, மருமவளே" என்றார். நான் அடுப்படிக்குப் போய் நின்று இன்னொரு தடவை அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

கல்யாணம் தென்காசியில் நடந்தது. மேடையில் போட்டோகிராபர், "சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்.

"ஓரமா நின்னா இவங்க வீட்டுல நான் தெரிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாமா எனக்கும் செந்திலுக்கும் நடுவில் வந்து நின்றார். கடைசிப் படம் வரை நகரவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் நானும் செந்திலும் ஒட்டி நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.