இடது கை ரத்தம், வலது கை ரத்தம்

இனி எந்த ஆஸ்பத்திரி ஊசியும் தன் உடம்பைத் தொடக் கூடாது என்று டெய்லர் முடிவு கட்டினார். பிழைப்பே ஊசியோடுதான். நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர் வம்பு பேசுவார். ஆனால் அதெல்லாம் துணியில் ஏறும் ஊசி. தன் தோல் என்று வந்துவிட்டால் மனிதருக்குக் கண் இருட்டிவிடும். போன தடவை நர்ஸ் பஞ்சால் கையைத் துடைத்ததுமே சாய்ந்துவிட்டார். ஊசி அப்போது உறைக்குள்ளேயே இருந்தது.

மனைவி விடுவதாக இல்லை. கொஞ்ச நாளாக இவர் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். மெஷின் மேலேயே தூங்கி விழுகிறார். ஒருநாள் யாருடைய கால்சட்டையையோ தன் சட்டை நுனியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் தவித்தார். சர்க்கரையாக இருக்குமோ என்று அவளுக்கு உண்மையிலேயே பயம்.

டெய்லர் மூளையைக் கசக்கினார். வீட்டிலேயே ரத்தம் எடுக்கிற பெட்டி ஒன்றை வரவழைத்தார். அதிலிருக்கும் வில்லையைப் புஜத்தில் ஒட்டிப் பொத்தானை அமுக்கினால், உள்ளே ஒளிந்திருக்கும் ஊசி குத்தி, சின்னக் குழாயில் ரத்தம் இறங்கும். பேரை எழுதித் தபாலில் அனுப்பினால் போதும். தம்பதிக்கென்று இரண்டு வில்லைகள். இரண்டையும் மனைவி கையிலேயே ஒட்டிவிட்டு, ஒரு குழாயில் தன் பேரை எழுதிவிடுவது என்பது திட்டம்.

"ரெண்டும் எனக்கா? அப்ப உங்களுக்கு?"

"எனக்குத் தனியா வாங்கி, நேத்தே கடையில வச்சு எடுத்து அனுப்பிட்டேன்."

"அட! மயக்கம் வரலியா?"

"மயக்கமா? எடுத்துக்கிட்டே ரெண்டு பட்டன் தச்சேன்!"

"சரி, எனக்கு எதுக்கு ரெண்டு?"

டெய்லர் இதை யோசித்து வைக்கவில்லை. தொழில்தான் கைகொடுத்தது.

"எத்தனை பேருக்கு அளவு எடுத்திருக்கேன்! எவனுக்குமே இடது கையும் வலது கையும் ஒண்ணா இருந்ததில்ல. அளவே வேறன்னா, ரத்தம் மட்டும் ஒண்ணா இருக்குமா?"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். "அதானே!" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

டெய்லர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பிறகு இன்னொன்றையும் அமுக்கினார்.

"கண்ணைத் திறங்க, முடிஞ்சுபோச்சு" என்றாள் மனைவி. "பேரை நீங்களே எழுதி அனுப்பிடுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

இப்படியொரு வெகுளியைக் கட்டிக்கொண்டதற்காக டெய்லர் உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

ரிசல்ட் வந்தது. இருவருக்கும் முதல் தரம். டெய்லர் தன்னுடையதைத் துணி வெட்டும் மேசைக்கு மேலே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டினார்.

"இந்த வயசுல இப்படி ஒரு ரத்தமா!" என்று பக்கத்துச் சலவைக் கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"எல்லாம் கட்டுப்பாடுதான்" என்றார் டெய்லர், மூன்றாவது செம்பு தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே.

கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, ஒரு அப்பாவி மனுஷன் உயிருக்கே ஆபத்தாம். நீங்க கிளினிக்குக்கு வந்து ரத்தம் கொடுத்தாத்தான் பொழைப்பாராம். அவர் பெண்டாட்டி தூக்கமில்லாம கெடக்கா."

டெய்லரின் வாயிலிருந்த குண்டூசிகள் கீழே விழுந்தன. "எனக்கு... இங்க அவசரமா ஒரு சட்டை..."

"சட்டை பெருசா, உயிர் பெருசா?" என்று சட்டைக்குச் சொந்தக்காரரே சீறினார்.

"இவ்வளவு நல்ல ரத்தத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? கெளம்புங்க டெய்லர், கடையை நான் பாத்துக்கறேன்" என்றார் சலவைக் கடைக்காரர். சுவரில் மாட்டிய காகிதத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டெய்லர் செருப்பைத் தேடினார்.

கிளினிக்கில் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியது. ஆச்சரியம், மயக்கம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்காக ரத்தம் சிந்துகிறோம் என்ற நினைப்பில் நெஞ்சு விம்மியது. கண்ணைத் திறந்தார். நர்ஸ் கையில் விரல் அளவுக்கு ஒரு குழாய்தான் இருந்தது.

"இத்தனூண்டு போதுமாம்மா?"

"தாராளமா போதும்."

"பாவம், அந்த மனுஷனை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். மனைவி முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

"பார்க்கலாமே. கை கழுவற இடத்துல கண்ணாடி இருக்கு, போய்ப் பாருங்க."