வண்டியில சொன்னனே!

முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய அமல்தாஸ், வாசலிலேயே நின்றுவிட்டார். வேப்பமரத்தில் இரண்டு ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பு ஆடு அவரைப் பார்த்துக் கத்தியது. வெள்ளைக்குக் கத்த நேரமில்லை. கொடியில் காய்ந்த அவருடைய ஆபீஸ் சட்டையின் காலர் அதன் வாயில் இருந்தது.

“ஜெயா! யார் வூட்டு ஆடு இது?”

“நம்ம வூட்டு ஆடுதான்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“நம்ம வூட்டுக்கு ஏது ஆடு?”

ஜெயராணி கரண்டியோடு வெளியே வந்தாள். “என் தம்பி ஏரியூர்லருந்து டெம்போவுல அனுப்பியிருக்கான். அங்க மேய்க்க ஆள் இல்லையாம். நேத்து வண்டியில சொன்னனே. நீங்களும் ‘ம்’முன்னீங்களே.”

‘ம்’ என்று சொல்லவில்லை என்று அமல்தாஸால் சத்தியம் செய்ய முடியாது. வண்டியில் அவர் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான்.

இண்டூரிலிருந்து தர்மபுரிக்குக் கணவன் மனைவி இருவரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போவார்கள். ஜெயராணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. அவளை அங்கே இறக்கிவிட்டு அமல்தாஸ் தன் அரசு அலுவலகத்துக்குப் போவார். பழைய மொபெட் இருந்த காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. அது முப்பதுக்கு மேல் போகாது. ஜெயராணி பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை, கோயில் கதை, ஆஸ்பத்திரிக் கதை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவாள். அவரும் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

போன வருஷம் மொபெட்டைத் தள்ளிவிட்டுப் பெரிய பைக் வாங்கினார்கள். மெத்தென்ற சீட்டு, பின்னால் சாய்ந்துகொள்ளக் கம்பி, ஆளுக்கொரு ஹெல்மெட். வண்டி அறுபதைத் தொட்டால் போதும், ஹெல்மெட்டுக்குள் ரைஸ்மில் ஓட ஆரம்பித்துவிடும். அந்த இரைச்சலில் மனைவி பேசுகிறாளா, இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. பதில் சொல்லாமல் விட்டால் வம்பு என்று கிலோமீட்டருக்கு ஒரு ‘ம்’ போட்டுவைப்பார். இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கை கற்றுக்கொடுத்த முன்னெச்சரிக்கை அது.

அந்த முன்னெச்சரிக்கைதான் இப்போது வாசலில் நின்று சட்டையைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாளே அவர் ஊர்க்கோடியில் இருந்த மாதுவின் கடைக்குப் போனார். மாது வண்டி ரிப்பேரும் செய்வான், சீட் கவர், ஹாரன், கண்ணாடி எல்லாமும் விற்பான்.

“மாது, காத்து சத்தம் தாங்கல. பின்னால ஒருத்தர் பேசுனா காதுல விழணும். அதுக்கு என்ன பண்ணலாம்?”

“விண்ட்ஷீல்டு போட்டுடலாங்க சார். எது மாதிரி வேணும்? ஸ்டைலாவா, சாதாவாவா?”

நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

“ஸ்டைலாவே போடு.”

ஒரு முறம் அளவுக்குக்கூட இல்லாத கறுப்புக் கண்ணாடி ஒன்று ஹெட்லைட்டுக்கு மேல் உட்கார்ந்தது. வண்டியைப் பார்க்கக் கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி இருந்தது. திங்கட்கிழமை காலையில் ரோட்டில் ஏறியதும்தான் அதன் குணம் தெரிந்தது. அதுவரை நெஞ்சில் பாதி, தலையில் பாதி என்று பரவலாக அடித்த காற்றை, அந்தக் கண்ணாடி ஒன்றுதிரட்டி நேராக அவர் ஹெல்மெட்டுக்குள் அனுப்பிவைத்தது. ஒரு ரைஸ்மில் இருந்த இடத்தில் இரண்டு ஓடின. பதற்றத்தில் அவருடைய ‘ம்’களும் இரண்டு மடங்காயின.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில், அவருடைய கட்டிலில், அவருடைய லுங்கியில் ஒருவர் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயராணியின் தம்பி அருள்பிரகாஷ்.

“வாங்க மாமா” என்று அவரை அவர் வீட்டுக்குள்ளேயே வரவேற்றான்.

அமல்தாஸ் மனைவியைப் பார்த்தார்.

“ஆட்டப் பாத்துக்க ஆள் வேணாமா? நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். அதான் ஒரு மாசம் வந்து இருக்கச் சொன்னேன். வண்டியில சொன்னனே.”

“நான்...”

“நீங்க ரெண்டு தடவை ‘ம்’முன்னீங்க.”

அருள்பிரகாஷுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. ஆடுகளை வேப்பமரம் பார்த்துக்கொண்டது, அவன் மாமாவின் விண்ட்ஷீல்டைப் பார்த்தான். செல்போனில் நாலு வீடியோவையும் பார்த்தான்.

“மாமா, இது பத்தாது. சின்னதா போட்டா சத்தம் ஏறத்தான் செய்யும். ஒசரமா, அகலமா போடணும். காத்து தலைக்கு மேலால போயிடணும். நான் சொல்றதக் கேளுங்க.”

அவன் சொன்னதைக் கேட்டார். அடுத்த வாரம் அமல்தாஸின் பைக்கில் பேருந்துக்கு வைக்கவேண்டிய கண்ணாடி ஒன்று ஏறியது. அலுவலகத்தில் வண்டியை நிறுத்தியதும் உடன் வேலை பார்க்கும் மாதவராஜ் ஓடிவந்து கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

“கேஷியர் சார், பணம் கட்டணும். டோக்கன் எங்க தர்றாங்க?”

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாக அவர் கண்ணுக்கு நேரே நின்றது. அதனால் ரோடு மேலே பாதி, கீழே பாதியாகத் தெரிந்தது. ஒரு வேகத்தடை இரண்டாகத் தெரியும். எதில் ஏறுவது என்று தீர்மானிப்பதற்குள் மூன்றாவதாக ஒன்றில் ஏறி இறங்குவார். பக்கவாட்டில் காற்றடித்தால் வண்டி வேலியோரப் புளியமரத்தை விசாரிக்கப் போனது.

சத்தம் என்னவோ பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்த சத்தத்தில் புதிதாக ஒரு தொல்லை வெளிப்பட்டது. வண்டி கொஞ்ச தூரம் போனதும் பின்மண்டையில் யாரோ ‘டொக்’ என்று தட்டினார்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் ‘டொக்’. இத்தனை நாள் இரைச்சலில் தெரியாமல் இருந்ததோ என்னவோ, இப்போது தெளிவாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது கேட்டார். “ஜெயா, வழியில நீயா என் மண்டையில தட்டுன?”

“எனக்கு வேற வேலை இல்லையா? காத்தா இருக்கும்.”

அன்று ராத்திரி அருள்பிரகாஷ் போனைத் தடவி அதை உறுதி செய்தான். “ஆமா மாமா, போட்டிருக்கான் பாருங்க. கண்ணாடிக்கு மேலால போற காத்து சுழண்டு வந்து பின்மண்டையில அடிக்குமாம். உலகம் பூராவும் இருக்கற பிரச்சினைதான்.”

உலகம் பூராவும் இருக்கிறது என்பதில் அமல்தாஸுக்கு ஓர் ஆறுதல். அந்த ஆறுதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரை நீடித்தது. கோயில் வாசலில் பங்குச் சாமியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்ப சந்தோஷம் அமல்தாஸ். இந்த வருஷ பாஸ்கா நாடகத்துல பரபாஸ் வேஷத்துக்கு ஆளே கெடைக்கல. கடைசியில நீங்க ஒத்துக்கிட்டீங்க. இன்னையிலருந்து தாடிய எடுக்காதீங்க.”

ஏசுநாதரின் பாடுகளை நடித்துக்காட்டுவது பாஸ்கா. அதில் பரபாஸ் என்பவன் அவருக்குப் பதிலாக விடுதலையாகும் கொள்ளைக்காரன். நாடகத்தில் அவனுக்கு வசனம் கிடையாது. சங்கிலியால் கட்டி மேடை முழுக்கத் தரதரவென்று இழுத்து வருவார்கள். நாலு பேர் முன்னால் நின்று நன்றியுரைகூடச் சொன்னதில்லை அமல்தாஸ். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“வியாழக்கிழம வண்டியில சொன்னனே.”

அன்று மத்தியானமே, கலங்கிய கண்ணோடு அவர் மாதுவின் கடையில் போய் உட்கார்ந்தார்.

“மாது, ஸ்டைலும் வேணாம், ஒசரமும் வேணாம். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா நான் எதுக்கு ஒத்துக்குவேனோ எனக்கே தெரியாது. பின்னால பேசறது எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்.”

மாது அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று புரிந்துகொண்டான். வண்டியில் அவரை உட்காரவைத்து, முதுகை நிமிர்த்தச் சொல்லி, டேப் வைத்து அளந்தான்.

“மேல் விளிம்பு உங்க மூக்கு நேருக்கு இருக்கணுங்க சார். கண்ணு அதுக்கு மேலால ரோட்டப் பாக்கணும். கீழ ரெண்டு விரல் சந்து விடணும். அந்தச் சந்து வழியா கொஞ்சம் காத்து உள்ள வந்தாத்தான், மேலால போற காத்து சுழண்டு வந்து மண்டையில அடிக்காது.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க ஸ்டைலா கேட்டீங்க சார்.”

ஏற்றி இறக்கி, சாய்த்து நிமிர்த்த வசதியுள்ள ஒரு கண்ணாடியை மாட்டினான். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, அவர் ஹெல்மெட்டைச் சுற்றிலும் சிவப்பு உல்லன் நூலைத் துண்டு துண்டாக ஒட்டிவிட்டான். அமல்தாஸ் போய்வந்தார். இரண்டு திருகு இறக்கினான். மறுபடியும் போய்வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அந்த நூலைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐந்தாவது முறை திரும்பி வந்தபோது அமல்தாஸின் முகம் மலர்ந்திருந்தது.

“மாது! செயின் சத்தம் கேக்குதுடா. வயல்ல மயில் கத்துறது கேக்குது. எதிர்ல போன டிராக்டர்ல என்ன பாட்டு ஓடுச்சுன்னுகூடத் தெரியுது!”

“மண்டையில தட்டுதுங்களா?”

“இல்லவே இல்ல.”

“தனியா போனதால இருக்குமுங்க. பின்னால ஆள் உக்காந்தா காத்தோட போக்கே மாறிடும். நாளைக்கு நான் சாமான் எடுக்க தர்மபுரிக்குத்தான் வரேன். அக்காவ ஏத்திக்கிட்டு நீங்க முன்னால போங்க. நூல் எப்படிப் பறக்குதுன்னு நான் பின்னாலயே வந்து பாக்கறேன்.”

திங்கட்கிழமை காலை. வழக்கம்போல விடியுமுன்பே எழுந்து, மூன்று வேளைக்குச் சமைத்து, ஆட்டுக்குத் தழை போட்டு, தம்பிக்குக் காபி கொடுத்துவிட்டு, ஜெயராணி வண்டியில் ஏறினாள். மாது தன் வண்டியில் பின்னால் வந்தான்.

அமல்தாஸ் அறுபதில் போனார். ஹெல்மெட்டுக்குள் பூசை நேரத்துக் கோயில்போல அமைதி. இனி ஒரு வார்த்தை தப்பாது என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் போனது. பேச்சில்லை. மூன்று கிலோமீட்டர். பேச்சில்லை. இப்போது எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புகூட வந்தது. அப்போதுதான் பின்மண்டையில் ‘டொக்’ என்று விழுந்தது. பழக்கதோஷத்தில் “ம்” என்றார். பாதி வழியில் இன்னொரு ‘டொக்’. ஊருக்குள் நுழையும்போது மூன்றாவது.

போகட்டும், தட்டுவதை மாது சரிசெய்துவிடுவான். காது திரும்பக் கிடைத்ததே பெரிது. ஆஸ்பத்திரி வாசலில் வெற்றி வீரனைப்போல பிரேக் போட்டு நிறுத்தினார்.

ஜெயராணி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“அப்ப வெள்ளிக்கிழம நான் கெளம்பிடுவேன். ஆட்டையும் தம்பியையும் பாத்துக்குங்க. ரசம் வைக்கறது எப்படின்னு அவன்கிட்ட கேக்காதீங்க, அவனுக்குத் தெரியாது.”

“எங்க கெளம்பற?”

“வேளாங்கண்ணிக்குங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் வேன் வச்சுப் போறோம், அஞ்சு நாளு. இப்பதான வண்டியில சொன்னேன்? நீங்களும் ‘ம்’முன்னீங்களே!”

சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

காற்று இல்லை, இரைச்சல் இல்லை, மயில் கத்துவது கேட்கிறது. சொந்த மனைவி காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நாள் பயணத்தை விவரமாகச் சொல்லியிருக்கிறாள், அதில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. மூன்று கண்ணாடி மாற்றினோமே, கோளாறு வண்டியில் இல்லையே, உடம்பில் அல்லவா இருக்கிறது! எதிரில் ஆஸ்பத்திரிப் பலகையில் காது மூக்கு தொண்டை டாக்டரின் பெயர் எத்தனையாவதாக இருக்கிறது என்று அமல்தாஸ் தேட ஆரம்பித்தார்.

பக்கத்தில் மாதுவின் வண்டி வந்து நின்றது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ அடக்கிக்கொண்டிருந்தான்.

“மாது, எனக்குக் காது போயிடுச்சுடா” என்றார் அமல்தாஸ். “வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்திருக்கா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. மண்டையில தட்டுறதும் நிக்கல.”

“காதுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். மண்டையில தட்டுனது காத்தும் இல்லீங்க, அக்காவோட ஹெல்மெட்டு. நம்ம ஊரு பெட்ரோல் பங்க் தாண்டறதுக்குள்ள தூங்கி விழுந்தவங்க, இங்க வந்து நீங்க பிரேக் போட்டப்பதான் சார் கண்ணையே தொறந்தாங்க!”