தாய்மாமன் மடியும் கடைசிப் பாகமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஒக்கூரில் தங்கை வீட்டுப் பந்தலில் நின்ற வேல்பாண்டிக்கு ஒரே ஒரு பிரச்சினைதான். பத்து மணிக்கு அவன் மடி ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருந்தாக வேண்டும்.

மடி, தங்கை யோகலட்சுமியின் மகள் கீர்த்திக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். வேறு மடி செல்லாது. கண், அதே பத்து மணிக்கு இணையத்தில் வெளியாகப் போகும் ‘புயல்வாள்’ என்ற ஜப்பான் அனிமே தொடரின் கடைசிப் பாகத்துக்கு.

அனிமே என்றால் வேல்பாண்டிக்கு உயிர். “பொம்மைப் படமா?” என்று யாராவது கேட்டால் இரண்டு நாள் அவர்களோடு பேச மாட்டான். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, தமிழில் பேசிய ஜப்பான்காரப் பையன்களை டிவியில் பார்த்ததில் தொற்றிக்கொண்டது. பிறகு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சிடி கடை, அப்புறம் பிரவுசிங் சென்டர். படத்துக்கு அடியில் ஓடிய எழுத்தைப் படித்துப் படித்தே ஆங்கிலப் பாடத்தில் பாஸானான். இப்போது முப்பத்திரண்டு வயதில் வீடுகளுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் கம்பெனியில் வேலை. அந்த வேலைக்கு ஏன் போனான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பார்ப்பது மட்டுமல்ல, மார்க் போடுவான். அதற்கென்று தமிழ் ரசிகர்கள் கூடும் ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் ‘காரைக்குடியான்’ என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். அடிப்பதற்கு முன்னால் அடியின் பெயரைச் சொல்லிக் கத்தும் வீரனுக்கு ஒரு மார்க் குறைப்பான். சண்டையின் நடுவே சின்ன வயசு நினைப்பில் மூழ்குகிறவனுக்கு அரை. வில்லன் மனம் திருந்தி அழுதால் ஒன்றரை போய்விடும். சமையல் கதைகளுக்கு மட்டும் மனசு இளகும். அதுவும் பசி நேரமாக இருந்தால்தான். இத்தனை வருஷத்தில் ஒன்றுக்குக்கூடப் பத்துக்குப் பத்து கொடுத்ததில்லை.

அந்தப் பத்தை அவன் ‘புயல்வாள்’ முடிவுக்காகவே கட்டிக் காத்து வைத்திருந்தான். பதினேழு வருஷமாக ஒரு பொடி வாள்வீரன் காணாமல்போன அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கிறானா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும். வேல்பாண்டிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பார்ப்பதற்கும் அவனுக்குச் சட்டம் உண்டு. நடுவில் நிறுத்தக் கூடாது. ஓட்டித் தள்ளக் கூடாது. தொடக்கப் பாட்டைத் தாண்டக் கூடாது. எங்காவது தடைப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்படிப் பார்க்காமல் போட்ட மார்க், மார்க்கே அல்ல.

இதற்கெல்லாம் நேர் எதிரி ஒருவன் அதே தளத்தில் இருந்தான். பெயர் ‘சிங்கக்குட்டி’. பார்த்ததற்கெல்லாம் பத்து. விமரிசனமும் இரண்டே வார்த்தை: “அழுதேன். பத்து.”

“அழுதா பத்தா? அப்ப வெங்காயத்துக்கும் பத்து போடுவியாடா பொடிப்பயலே? போய் வீட்டுப்பாடம் எழுது” என்று வேல்பாண்டி பதில் போடுவான். இரண்டு வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது. நேற்று அந்தச் சிங்கக்குட்டி சவால் விட்டிருந்தான்: “நாளைக்கு முதல் மார்க் என்னுடையதுதான். முடிந்தால் முந்திப் பார்.”

முந்தாமல் விடுவதா?

“அண்ணே, என்ன கனவு கண்டுக்கிட்டு நிக்கிறீக? தோடு பத்திரமா இருக்கா?” என்றபடி வந்தாள் யோகலட்சுமி.

வேல்பாண்டி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். பையில் தோட்டுப் பெட்டியோடு போனும் இருந்தது.

மணி பத்தடித்தது. காது குத்த வேண்டிய வைரவன் ஆசாரியைக் காணவில்லை.

“ஒரு மனுசனுக்குப் பொறுப்பு வேணாமா? பத்துன்னா பத்துக்கு வர வேணாமா?” என்று பந்தலே அதிரக் கத்தினார் சேவுகப்பெருமாள். யோகலட்சுமியின் மாமனார். செங்கல் சூளையும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர். மகன் கல்யாண போட்டோ ஒன்றில்கூடச் சிரிக்காதவர். அவர் இருக்கும் பக்கமே வேல்பாண்டி போக மாட்டான்.

“சரி, வந்தா உக்கார வைங்க. சிங்கப்பூர்ல இருக்க சின்னவனை வீடியோவுல கூப்பிடணும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் எவனும் கதவைத் தட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வேல்பாண்டிக்கு ஆசாரியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது. நழுவி மொட்டை மாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகி, குலசாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டான்.

தொடக்கப் பாட்டு வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வாள்வீரன் வாயைத் திறந்தான். அப்படியே நின்றான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழே விருந்துக்கு வந்த இளவட்டம் மொத்தமும் வீட்டு வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு இணைப்புக் கொடுத்ததே வேல்பாண்டிதான். இருப்பதிலேயே வேகமானதுதான் வேண்டும் என்று சேவுகப்பெருமாள் அடம்பிடித்தபோது, வெளிநாட்டு மகன்மேல் இவ்வளவு பாசமா என்று அவனுக்குக் கண்ணே கலங்கியது. இப்போது அந்தப் பாசமெல்லாம் நினைவுக்கு வரவில்லை. போனிலிருந்தே தன்னைத் தவிர மற்ற எல்லோருடைய இணைப்பையும் துண்டித்தான்.

கீழே “ச்சே!” என்று நாலைந்து குரல்கள். அதற்கும் மேலே ஒரு கர்ஜனை.

“எவண்டா அது நெட்டைப் புடுங்குனது!”

தாழ் விலகி, கதவு சுவரில் மோதி, சேவுகப்பெருமாள் வாசலுக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. “வேலு எங்க? வரச் சொல்லு அவனை!”

வேல்பாண்டி தடதடவென்று இறங்கி வந்தான். “மாமா... வயரு லூசா இருக்கும் மாமா.”

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாசல் தென்னை மரத்தைச் சுற்றித்தான் வயர் வந்தது. உடனே ஏணி வந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஏறினான். இல்லாத கோளாறை எப்படிச் சரிசெய்வது? வயரைப் பிடித்து முறுக்கினான், ஊதினான், வாயில் வைத்துக் கடித்தும் பார்த்தான். கீழே சேவுகப்பெருமாள் நிலைகொள்ளாமல் நடந்தார்.

“சீக்கிரம்டா! மணி பத்தேகாலு ஆகுது!”

‘பிள்ளைப் பாசம்னா இதுதான்’ என்று எண்ணியபடி, வேல்பாண்டி மரத்தோடு ஒட்டி நின்று, இடது கையால் போனைத் தடவி எல்லோருக்கும் இணைப்பைத் திரும்பக் கொடுத்தான். பெரியவர் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. உள்ளே ஓடித் தாழ் போட்டார்.

மறுபடி மொட்டை மாடி. சட்டப்படி மறுபடி முதலிலிருந்து. நல்ல வேளை, இந்த முறை வட்டம் சுற்றவில்லை. பாட்டு முடிந்தது. மழை. பாலம். பாலத்தின் மறுமுனையில் தொப்பி போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வேல்பாண்டி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அந்த முதுகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தபோது...

“அண்ணே! ஆசாரி வந்துட்டாரு! எங்க இருக்கீக?”

அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. இறங்கிப் போனால் சிங்கக்குட்டி முந்திவிடுவான். இறங்காவிட்டால் மானம் போய்விடும். படியில் இறங்கும்போதே மனசு குறுக்குவழி தேடியது. பந்தலுக்கு வந்து, மணையில் உட்கார்ந்து, பையைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டவன்போல எழுந்தான்.

“தோட்டைக் காணமே! பையில இருக்குன்னுல நெனச்சேன், காரைக்குடியிலயே வெச்சுட்டு வந்துட்டேன் போல. சேக்காளிக்குப் போன் பண்ணுறேன், அரை மணி நேரத்துல கொண்டாந்துருவான்.”

பந்தலில் எல்லோரும் அவனையே திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்லாருக்கு தாய்மாமன் லட்சணம்” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை வீரலட்சுமி. “தட்டுல வாழப்பழம் வந்துருக்கு, தோடு வரலயாம்.”

யோகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டுச் சேவுகப்பெருமாள் வெளியே வந்தார். வேல்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தான். பெரியவர் விஷயத்தைக் கேட்டார். ஆசாரியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

“அரை மணி நேரந்தானே? ஒண்ணும் குடி முழுகிராது. ஆசாரிக்குப் பலகாரம் வைங்க. நிதானமா சாப்புடட்டும்” என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் உள்ளே போய்விட்டார்.

கடுவன் பூனை மாதிரி இருந்த மனிதருக்குள் இவ்வளவு பெருந்தன்மையா! வேல்பாண்டி உருகிப்போய் மாடிப்படியில் காலை வைத்தான். பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்தது. தங்கை புருஷன் முத்துராமன்.

“சேக்காளி வந்து சேர நேரமாகும் மச்சான். வண்டியை எடுக்கிறேன், நாமளே போயிட்டு வந்துருவோம்.”

“இல்ல மாப்ள, அவனே...”

“அட, ஏறுங்க மச்சான்!”

சட்டைப் பையில் தோட்டை வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டை எடுக்கக் காரைக்குடிக்குப் புறப்பட்டான் வேல்பாண்டி. முத்துராமன் ஆக்சிலேட்டரை மிதித்தான். கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: “உங்கள ஒண்ணும் குத்தம் சொல்லல மச்சான். யோகு அழுதா எனக்குத் தாங்காது. ‘எங்க அண்ணன் தோடு வாங்கியாச்சு, எங்க அண்ணன் தோடு வாங்கியாச்சு’ன்னு ஒரு மாசமா ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.”

வேல்பாண்டி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அண்ணனைத் தேடிப் பதினேழு வருஷம் அலையும் பொம்மைப் பையனுக்காகக் கண்ணீர் விடுகிறோம், உயிரோடு இருக்கிற தங்கை தன் அண்ணனுக்காகப் பந்தலில் அழுதுகொண்டிருக்கிறாளே! வெட்கமாக இருந்தது.

“வண்டியைத் திருப்புங்க மாப்ள” என்றான். “தோடு இந்தா இருக்கு.”

முத்துராமன் தோட்டைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். “காலையில உங்களைக் கூட்டியாந்தப்ப இந்தச் சீட்டுக்கு அடியில விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிருவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பினான். நல்ல பிள்ளை.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் சேவுகப்பெருமாள் தலைதெறிக்க வெளியே வந்தார். “என்னடா இது! அதுக்குள்ள ஏன்டா வந்தீக?”

சீட்டுக்கு அடியில் கிடைத்த கதையைச் சொன்னார்கள். பெரியவர் முகம் செத்துவிட்டது. “ம்ம், குத்துங்க” என்றார் ஈனக் குரலில்.

கீர்த்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான் வேல்பாண்டி. மார்க் போகட்டும், சிங்கக்குட்டி ஜெயித்துத் தொலையட்டும். ஆசாரி காது மடலில் சந்தனப் பொட்டு வைத்தார். ஊசியைக் கண்ட கீர்த்தி வீல் என்று கத்தி, கையை வீசி, மாமன் சட்டைப் பையிலிருந்து போனை உருவினாள். பிஞ்சு விரல் எங்கேயோ பட்டது. இயர்போன் கழன்று விழ, ஜப்பானிய மழை பந்தல் முழுக்கக் கொட்டியது. கடைசிப் பாகம் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

“நிறுத்து!” என்று அலறினார் எதிரே நின்ற சேவுகப்பெருமாள். கண்ணை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஐயோ, அதை நிறுத்துங்கடா!”

நிறுத்த வேண்டியவனும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தொப்பிக்காரனின் முகத்தை இப்படி அரைகுறையாகவா பார்ப்பது? சட்டம் என்னாவது? பிடித்த பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. போனைப் பிடுங்கக் கை இல்லை.

கீர்த்தி மட்டும் வாயைப் பிளந்து திரையையே பார்த்தாள். ஆசாரிக்கு அது போதும். இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. தோடு ஏறி, முத்துராமன் போனைப் பிடுங்கி அணைத்த பிறகுதான் பிள்ளைக்கு வலியே தெரிந்து ஓவென்று அழுதது.

“எங்க அண்ணன் வாங்குன தோடு” என்று யோகலட்சுமி எல்லோரிடமும் காட்டிக்கொண்டு போனாள். முகமெல்லாம் சிரிப்பு. வேல்பாண்டிக்குப் பத்துக்குப் பத்து வாங்கினாற்போல இருந்தது. ஆனால் பெரியவர் மறுபடி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வற்றிவிட்டது. நல்ல காரியத்தில் பொம்மைப் படத்தை ஓடவிட்ட கோபத்தைத் தங்கைமேல் காட்டிவிட்டால்?

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த வைரவன் ஆசாரியிடம் போய்க் குனிந்தான்.

“ஆசாரி, நீங்க பெரியவருக்கு ரொம்ப நாள் பழக்கம். என் மேல கடுங்கோவத்துல இருக்காக. தங்கச்சியை ஒண்ணும் சொல்ல வேணாம்னு நீங்கதான் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லணும்.”

“அவுகளுக்கா? உங்க மேலயா?” ஆசாரி சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினார். “அட போங்க தம்பி! பத்து மணிக்கு ஏதோ சப்பான் கதை முடியுதாம், எவனோ காரைக்குடியானாம், ரெண்டு வருசமாத் தன்னையப் பொடிப்பயலேன்னு வையிறானாம், இன்னைக்கு அவனுக்கு முன்னாடி மார்க்குப் போட்டே தீரணும், அதனால நீங்க பத்தரைக்கு மேல வந்தாப் போதும் ஆசாரின்னு நேத்து எனக்குப் போன் போட்டதே அவுகதானே!”